பொழிச்சலூரின் ஒற்றைப் பந்து

ஹரிபிரசாத்துக்கு இருபத்து மூன்று வயது நிறைய இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அதற்குள் ஆஸ்திரேலியாவுக்குப் போகும் இளையோர் அணியில் பெயர் வந்துவிட்டால் அவன் ஆட்டக்காரன். வராவிட்டால் திருமுடிவாக்கத்துப் பட்டறையில் போல்ட்டுக்கு மரை போடும் ஆயிரத்தெட்டுப் பேரில் ஒருவன். இருபத்து மூன்று நிறைந்தவனை அந்த அணியில் சேர்க்க மாட்டார்கள்.

ஆட்டத்தின் பெயர் ஆஸ்திரேலியன் ஃபுட்பால். பந்து உருண்டையாக இருக்காது. உரிக்காத தேங்காய் மாதிரி இரண்டு முனையும் கூம்பியிருக்கும். தரையில் விழுந்தால் ஷேர் ஆட்டோவைப் போல எந்தப் பக்கம் திரும்பும் என்று அதற்கே தெரியாது. அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம், உள்ளங்கையில் வைத்து முஷ்டியால் குத்தி அடுத்தவனுக்குக் கொடுக்கலாம், காலால் உதைக்கலாம். எதிரே நான்கு கம்பம். நடு இரண்டுக்குள் உதைத்தால் கோல். ஹரி மிட்ஃபீல்டர். பத்துப் பேர் விழுந்து புரளும் குவியலுக்குள் கையை விட்டுப் பந்தை உருவி, நல்ல இடத்தில் நிற்பவனுக்கு அனுப்ப வேண்டும். காலை எட்டே காலுக்குத் தாம்பரத்தில் பீச் ஸ்டேஷன் போகும் மின்சார ரயிலில் ஏறி ஜன்னல் சீட்டையும் பிடித்துப் பழகியவனுக்கு அந்தக் குவியல் ஒரு பொருட்டே இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஆட்டம் ஏர்போர்ட்டை ஒட்டிய பொழிச்சலூருக்கு வந்தது. மெல்போர்னில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய காலனி சத்யநாராயணன், கபடி ஆடிக்கொண்டிருந்த பையன்களைப் பிடித்து இரண்டு பந்துகளைக் கொடுத்தார். செல்போனில் ஆட்டத்தையும் காட்டினார். இரண்டாம் நாளே ஹரி ஒன்றை உதைத்தான். அது மைதானத்தைத் தாண்டி, முட்புதரைத் தாண்டி, ஏர்போர்ட் மதிலையும் தாண்டிப் போய்விட்டது. இறங்கிக்கொண்டிருந்த விமானத்தின் பைலட் தலையைக் குனிந்து வழிவிட்டார் என்று பம்மல் வரைக்கும் பேச்சு. மதிலுக்கு அந்தப் பக்கம் போய்ப் பந்தைக் கேட்க எவனுக்கும் துணிச்சல் வரவில்லை.

மிச்சம் ஒரே பந்து. அன்றைக்கே ஹரி சட்டம் போட்டான். "இனிமே கோலாண்ட நிக்கிற ஏகா மட்டும்தான் ஒதைக்கணும். மத்தவன்லாம் கையிலதான் குடுக்கணும். நானும்தான்."

ஏகா என்பது ஏகநாதன். ஹரியின் கூட்டாளி, கூரியர் கம்பெனியில் டெலிவரி வேலை. உதைக்கிறவன் மதிலுக்கு முதுகு காட்டி நிற்கும்படி கம்பங்களை எதிர்க்கோடியில் நட்டார்கள். மற்றவர்கள் அவ்வப்போது சட்டத்தை மீறி உதைத்து வசவு வாங்கினார்கள். பந்தைத் தொலைத்தவன் என்பதால் ஹரி ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட மீறவில்லை.

அந்தச் சட்டம்தான் அவனைத் தூக்கிவிட்டது. முப்பதடி தூரத்தில் சைக்கிளில் போகிறவனின் கேரியரில் பந்தைக் குத்தி உட்காரவைப்பான். மாவட்ட அணி, மாநில அணி, இரண்டு தேசியப் போட்டி என்று படிப்படியாக ஏறினான். அங்கெல்லாம் அணிக்கு ஒன்பது பேர், மைதானமும் சின்னது. எல்லாமே கைக்கெட்டும் தூரம். அவன் காலை யாரும் தேடவில்லை.

தேர்வு நாள் காலையில் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தவனை அப்பா முனிரத்தினம் வாசலில் நின்று பார்த்தார். முன்பு நிலத்தில் நெல் போட்டவர், இப்போது அதே இடத்தில் ஹாலோ பிளாக் அடுக்கி விற்கிறவர்.

"அவ்ளோ தூரம் ஏரோப்ளேன்ல போயி தேங்காவப் பொறுக்கப் போறியா? இங்க கோயம்பேட்டுல கிடைக்காததா?"

"வந்து சொல்றேன் நைனா."

"சொல்லு, சொல்லு. எனக்கு இன்னா."

மறைமலை நகரைத் தாண்டி ஒரு கல்லூரியில் தேர்வு. ஹரியும் கூட வந்த ஏகாவும் ஓரத்தில் நின்று மைதானத்தைக் கண்ணால் அளந்தார்கள். முழு அளவு, நீள்வட்டம், இந்தக் கடைசியில் மழை பெய்தால் அந்தக் கடைசியில் வெயில் அடிக்கும் போலிருந்தது. அணிக்குப் பதினெட்டுப் பேர், இருவருக்கும் ஒரே அணி. தேர்வாளர் ராகவேந்திரா பெங்களூர்க்காரர், ஆஸ்திரேலியாவில் நாலு வருஷம் ஆடியவர். நிழலில் நாற்காலி போட்டிருந்தும் உட்காராமல் கோட்டோரமாகவே நடந்துகொண்டிருந்தார்.

ஓட்டத்தில் ஹரிதான் முதல். ஆட்டம் தொடங்கியதும் குவியலுக்குள் புகுந்து புகுந்து எடுத்தான். எடுத்ததையெல்லாம் குத்திக் கொடுத்தான். வாங்கியவனைச் சுற்றி ஆள் நின்றாலும் பந்து மட்டும் பூப்போலப் போய் விழுந்தது. தூரத்தில் ஏழெட்டுப் பேர் தனியாக நின்று கையை ஆட்டி ஆட்டி ஓய்ந்தார்கள்.

கடைசி நிமிஷங்களில் ஒரு பந்து உயரே வந்தது. ஹரி எகிறி மார்போடு அணைத்துப் பிடித்தான். விசில். இந்த ஆட்டத்தில் அப்படிப் பிடித்தவனை யாரும் தொடக்கூடாது, நிதானமாக உதைக்கலாம். எதிரே நாற்பது மீட்டரில் கம்பங்கள். நடுவில் ஈ காக்கை இல்லை. கம்பங்களுக்குப் பின்னால் வெறும் புல், அதற்குப் பின்னால் இன்னும் புல். மதில் என்று ஒன்று செங்கல்பட்டு வரைக்கும் கிடையாது.

அவன் பந்தைக் கீழ்நோக்கிப் பிடித்தான். வலது காலுக்கு உத்தரவு போனது. கால் அரசாங்க ஆபீஸ் மாதிரி அதை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று விநாடி. பக்கவாட்டில் ஏகா ஓடிவரும் சத்தம் கேட்டது. கை தானாக எழுந்து குத்தியது. ஏகா வாங்கி, ஓடின ஓட்டத்திலேயே உதைத்தான். கோல். எல்லோரும் ஏகாவின் மேல் விழுந்தார்கள்.

பட்டியலை ஒட்டுவதற்கு முன்னால் ராகவேந்திரா ஹரியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"முப்பத்தேழு தடவை பால் எடுத்திருக்கே. இன்னிக்கு யாருமே அவ்வளவு எடுக்கல. முப்பத்தேழும் கை. கால்ல ஏதாவது இஞ்சுரியா?"

"இல்ல சார்."

"அப்புறம்?"

"எங்களாண்ட ஒரே பந்துதான் சார்."

"இங்க பன்னெண்டு இருந்துச்சே, அந்த நெட் பையில."

"பாத்தேன் சார்."

ராகவேந்திரா பேனாவை மூடினார், திறந்தார். "அடுத்த வருஷம்..." என்று ஆரம்பித்தவர், காகிதத்தில் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "தண்ணி குடிச்சியா?" என்று கேட்டார்.

பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து ஒரே பெயர். ஏகநாதன்.

திரும்பும் மின்சார ரயிலில் இருவரும் வண்டலூரைத் தாண்டினார்கள்.

"நான் போகல மச்சான்," என்றான் ஏகா.

"மூடிகினு போ. பாஸ்போர்ட்டுக்கு எழுதுற வழியப் பாரு."

"அந்தக் கோல் ஒன்னுதுடா."

"ஒதச்சது யாரு?"

ஏகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தாம்பரத்தில் ஏறிய கூட்டம் அவர்களுக்கு நடுவில் நின்றது. ஹரிக்கு அது வசதியாக இருந்தது. கண்ணைத் துடைக்க முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

பல்லாவரத்தில் இறங்கி, ஏகாவை அவன் வீட்டுப் பக்கம் அனுப்பிவிட்டு, ஹரி பொழிச்சலூர் முனையில் வந்து நின்றபோது மணி ஆறு. அங்கே அவனே பன்னிரண்டடி உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தான். ஃப்ளெக்ஸ். அவன் பின்னால் ஒரு கங்காரு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. 'பொழிச்சலூர் புயல் புறப்பட்டது, ஆஸ்திரேலியா கதவைச் சாத்திக்கொள்' என்று எழுதியிருந்தது. அடியில் வழக்கம்போல வாழ்த்துவோர் வரிசை, தபால்தலை அளவில் பதினாலு முகம். முதல் முகம் முனிரத்தினம். மீசையைக்கூடக் கறுப்பாக்கியிருந்தார்கள்.

நிஜ முனிரத்தினம் ஏணியில் நின்று கடைசிக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தார்.

"வந்துட்டியா? பேனர் நேரா கீதான்னு பாரு."

"நைனா, எறங்கு."

அவர் திரும்பி மகன் முகத்தைப் பார்த்தார். பிறகு ஏணியில் நின்றபடியே, போட்ட முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்க ஆரம்பித்தார்.

"யாரு போறது?"

"ஏகா."

"நல்ல பையன்," என்றார். ஒரு முடிச்சு அவிழ்ந்து கங்காரு மடிந்தது. "அவனுக்கு அப்பன் இல்ல. நாமதான் வெக்கணும். தனக்கோடிக்குப் போன் போடு."

தனக்கோடி பம்மலில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவர். ஹரி போன் போட்டான். விஷயத்தைச் சொன்னான். வாசகம் அதுவே இருக்கட்டும், பேரையும் போட்டோவையும் மட்டும் மாற்றினால் போதும் என்றான். ஏகாவின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகவும் சொன்னான்.

"செரி தம்பி," என்றார் தனக்கோடி. "கீழ வாழ்த்துறவங்க அதே ஆளுங்கதான?"

"அதே ஆளுங்கதாண்ணா."

"உன் போட்டோ என் கம்பியூட்டர்லயே கீது. சின்னதாக்கி மொத வரிசைல போட்டுரட்டா?"

மேலே முனிரத்தினம் அடுத்த முடிச்சுக்குப் போயிருந்தார். ஹரி ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டான்.

"நைனாவுக்குப் பக்கத்துல போடுங்கண்ணா," என்றான்.