சைனா மலாக்கி

மலாக்கி அண்ணன் பெட்டிக்குள்ள படுத்திருக்காரு. நெஞ்சு மேல ஒரு தட்டு, தட்டு நிறைய புகையிலை. வர்றவங்க ஆளுக்கொரு சிட்டிகை எடுத்துக்கிட்டு, ரம் ஒரு வாய் ஊத்திக்கிட்டு, செத்தவரைக் கிண்டல் பண்ணிச் சிரிக்கணும். எங்க அயர்லாந்து சனத்துக்கு அதுதான் மரியாதை, அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா பக்கத்துப் பண்ணை டார்பி பெட்டி மேல குனிஞ்சு, "என்ன பெருசு, இப்பவாவது சைனா போய்ச் சேந்தியா?"ன்னான். வீடே சிரிச்சுது. எனக்குப் பத்திக்கிட்டு வந்துது.

"உக்காருடா"ன்னேன். "தான் சாகுற வரைக்கும் வாயத் தெறக்கக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு. இனிமே என்னை யார் தடுப்பா?"

அயர்லாந்துல கிளேர் ஜில்லாவுல, ஊர் மேய்ச்சல் நிலத்தைச் சுத்தி ஜமீன் எழுப்பின சுவரை இடிச்ச மனுஷன் அவரு. அதுக்குத்தான் கடல் தாண்டி, உலகத்தோட இந்தக் கோடிக்கு நாடு கடத்தினாங்க. நானும் என் புருஷன் ஃபெலிமும் ஒரு ஆட்டைத் திருடித் தின்னதுக்கு அதே கப்பல்ல வந்தோம். இங்க பாரமட்டாங்கிற ஊர்ல, சர்க்காரோட கைதிப் பண்ணையில மூணு பேரும் மண்ணு வெட்டினோம். அப்ப நான் முழுகாம இருந்தேன். என் பிள்ளை கசையடிச் சத்தத்துல கண்ணு முழிக்கக்கூடாதுன்னு ஃபெலிம் தவியாத் தவிச்சான்.

வடக்கே மலையைத் தாண்டினா சைனா, அங்க கங்காணியும் கிடையாது கால்விலங்கும் கிடையாதுன்னு ஒரு பேச்சு அப்ப. சிரிக்காதீங்க, உங்க அப்பன்மாரும் நம்பினவங்கதான். ஃபெலிம் ஒரு காகிதத்துல திசைகாட்டி வரைஞ்சு கையில வச்சுக்கிட்டான். வரைஞ்ச முள்ளு, பாவம், அவன் மூக்கு போன பக்கமே காட்டுச்சு. புருஷன் கிளம்பிட்டான், நான் நிப்பேனா? "நானும் வர்றேன்"னு மாவு மூட்டையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டாரு மலாக்கி அண்ணன்.

வழி நெடுக அவரு மரக்கிளைய ஒடிச்சுத் தொங்க விட்டுக்கிட்டே வந்தாரு. "சைனாவுக்கா வர்றே, சுள்ளி பொறுக்கவா?"ன்னு ஃபெலிம் நக்கல் பண்ணுவான். அவரு சும்மா சிரிப்பாரு.

மாவு தீந்துபோச்சு. ஃபெலிம் இருமி ரத்தம் கக்குனான். ஒரு பள்ளத்தாக்குல எனக்கு வலி எடுத்துது. புருஷன் உக்காந்து அழுதான், தொப்புள்கொடி அறுத்தது மலாக்கி அண்ணன். அப்புறம் அவரு யாரையும் ஒண்ணும் கேக்கல. சட்டைக்குள்ள பாப்பாவை வச்சுக் கட்டிக்கிட்டாரு, என்னை முதுகுல தூக்கிக்கிட்டாரு, ஒடிஞ்ச கிளைகளைப் பாத்துப் பாத்துத் திரும்பி நடந்தாரு. ஃபெலிம் அவரு இடுப்புக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டே வந்தான்.

பண்ணைக்கு வந்து சேந்ததும், "ஓடிப்போனதுக்கு யாரு தலைவன்?"னு கேட்டான் அதிகாரி. தலைவனுக்குத்தான் கசையடி. ஃபெலிம் வாயத் தெறக்குறதுக்குள்ள அண்ணன் முன்னால போய் நின்னாரு. "நான்தான் துரை. சைனாவுக்கு வழி தெரியும்னு சொல்லி இவங்களக் கூட்டிட்டுப் போனேன்." அதிகாரி வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். அப்புறம் தோல் உரிய அடிச்சாங்க. சைனா மலாக்கிங்கிற பேரு அன்னைக்கு ஒட்டினதுதான்.

அவரு முதுகுல பன்னிக் கொழுப்பு தடவுனப்ப சொன்னேன்: "பாழாப்போன சைனா. அப்படி ஒண்ணு இருந்தாத்தானே அண்ணே."

"இருக்கு தாயி. கப்பல்காரனா இருந்தப்ப ரெண்டு தடவை போயிருக்கேன், தேயிலை ஏத்த. கடல் தாண்டித்தான் போகணும்."

"தெரிஞ்சேவா வந்தீங்க?"

"நான் சொன்னா உம் புருஷன் கேட்டிருப்பானா? போறதுக்கு நீங்க ரெண்டு பேர் இருந்தீங்க. திரும்பக் கூட்டிட்டு வர ஒரு ஆள் வேணாமா?"

அந்த நெஞ்சோட ஃபெலிம் ஒரு அடி கூடத் தாங்கியிருக்க மாட்டான். அவன் போன வருஷம், நரைச்ச தலையோட, சொந்தக் கட்டில்ல செத்தான். இத்தனை வருஷமும் சந்தையில இவரைப் பாத்தா பொடிசுங்க "சைனா எவ்வளவு தூரம் தாத்தா?"ன்னு துரத்தும். "கொஞ்சம் நடக்கணும்"னு சொல்லிட்டுப் போவாரு இந்த மனுஷன்.

நான் சொல்லி முடிச்சேன். டார்பி தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நின்னான். ரொட்டி அறுத்துக்கிட்டிருந்த என் மக அய்லிஷ் கத்தியைக் கீழ வச்சா.

"சட்டைக்குள்ள இருந்தது நானாம்மா?"

"நீதான்டி."

பெட்டியத் தூக்க ஆம்பளைங்க எழுந்தாங்க. அய்லிஷ் போய்த் தலைமாட்டுல தோளைக் கொடுத்தா. பொம்பளை தூக்கலாமான்னு ஒருத்தரும் கேக்கல.