பிள்ளை என்ற சொல்

லேபர் ஆபீசிலிருந்து வந்த கடிதத்தை அம்புரோஸ் மூன்றாம் முறை படித்தார். கிள்ளானுக்கு அப்பால் இருந்த அந்த ரப்பர் தோட்டத்துக்கு அவர்தான் கிராணி, கணக்கும் கடிதமும் எழுதுபவர். புதுச் சட்டப்படி, பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டமே பள்ளிக்கூடம் வைக்க வேண்டும். இங்கே எத்தனை பேர் என்று கேட்டிருந்தார்கள்.

"ஏழுன்னு எழுதுங்க கிராணி," என்றார் கங்காணி வேலாயுதம். "ஏழு பையனுங்க. தொரைக்கும் தொல்லையில்ல."

"பொண்ணுங்க ஆறு பேர் இருக்காங்களே?"

"சட்டத்துல பொட்டப்புள்ளைன்னு போட்டிருக்கா? போடலல்ல. அப்ப பையனுங்கதான்."

அம்புரோஸ் பதில் எழுதத் தாளை எடுத்தார். சட்டம் என்பது மேலே இருப்பவர்கள் மனம் இரங்கிக் கொடுப்பது, கொடுத்த அளவுக்கு வாங்கிக்கொள்ள வேண்டியது என்றே அவர் இத்தனை காலமும் நினைத்திருந்தார். பேனாவை மையில் தோய்த்தார்.

வாசலில் மாரியாயி நின்றிருந்தாள். பால் வாளி காலடியில் இருந்தது. முழங்கை வரை ரப்பர்ப் பால் காய்ந்திருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"கிராணி ஐயா, எம் மவ ராசம்மாவுக்கு ஒம்பது வயசு. களை புடுங்கறதுக்கு வெடியக்காலம் அவ பேரக் கூப்பிடுறாங்க. வேலைக்குன்னா அவளும் ஒரு ஆளு. பள்ளிக்கூடத்துக்குன்னா மட்டும் புள்ளையில்லையா?"

"ஏய், போய் வேலையப் பாரு," என்றார் வேலாயுதம்.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "எனக்கு எழுத்துத் தெரியாது. அந்தத் தாள்ல உள்ளத உள்ளபடி படிச்சுச் சொல்லுங்க ஐயா."

அம்புரோஸ் மறுபடியும் பார்த்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான இங்கிலீஷ் சொல். அவர் மகள் மகதலேனா கிள்ளானில் கன்னியாஸ்திரீகளிடம் படிக்கிறாள். அவளைச் சேர்த்தபோது, அவளும் பிள்ளைதானா என்று அவர் யாரையும் கேட்டதில்லை.

"புள்ளைங்கன்னுதான் போட்டிருக்கு," என்றார். பதின்மூன்று என்று எழுதினார்.

கையெழுத்துக்காக நீட்டிய தாளில், தோட்டத்துத் துரை அந்த எண்ணின்மேல் விரலை வைத்து நிமிர்ந்தார். "யார் சொல்லி எழுதினாய்?"

"சட்டத்தில் இருக்கும் சொல் அதுதான், சார்." அம்புரோஸ் பேனாவை எடுத்து நீட்டினார். துரை கையெழுத்துப் போட்டார். ஆனால் அன்றிலிருந்து அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான்கு மாதம் கழித்து, பழைய சாமான் கொட்டகையில் பள்ளிக்கூடம் திறந்தது. சிலேட்டுப் பலகைகள் இன்னும் வந்து சேரவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வந்த வாத்தியார் தரையில் மணல் பரப்பியிருந்தார். அம்புரோஸ் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தார். ராசம்மா நாக்கைத் துருத்திக்கொண்டு விரலால் ஓர் எழுத்தை வளைத்து முடித்தாள். எங்கிருந்தோ வந்த கோழி அதை மிதித்துக் கலைத்துவிட்டுப் போயிற்று. அவள் மணலை உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்திவிட்டு, மறுபடியும் விரலை வைத்தாள்.