போர்கோ வெக்கியோவில் ஆடிய ஏணை

1996 பெப்ரவரி மூன்றாம் தேதி, தீவு நகரமான பலேர்மோவின் போர்கோ வெக்கியோப் பகுதியில் புனிதமலர் வீட்டு ஏணை யாரும் தொடாமலே ஆடத் தொடங்கியது. சன்னல் சாத்தியிருந்தது, காற்றில்லை. நான்கு விநாடிக்கு ஓர் ஆட்டம். உத்தரத்தில் தொங்கிய அந்தச் சேலைத் தொட்டிலுக்குள் பிள்ளை இல்லை. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட மகள் மொனிகா, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கிலோ நூறு கிராம் எடையோடு, மின்சாரத்தின் தயவில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். வெறும் ஏணை ஆடினால் பிள்ளைக்கு ஆகாதென்பது அவள் பிறந்த மன்னாரில் எல்லாருக்கும் தெரியும். புனிதமலருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிடித்து நிறுத்தினாள், கையை எடுத்ததும் ஆடியது. ஐந்தாம் நாள் சேலையைச் சுருட்டிச் சுவர் ஆணியில் இறுகக் கட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அன்று பிற்பகல் பாதி நகரம் இருண்டது. ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் சாவகாசமாக விழித்துக்கொள்ளும்வரை, பதினொரு நிமிடம் தாதிமார் மொனிகாவுக்குக் கையாலேயே மூச்சுக் கொடுத்தார்கள். புனிதமலர் வீடு திரும்பியபோது ஆணி சுவர்ப் பூச்சோடு பெயர்ந்து கிடந்தது, ஏணை உத்தரத்தை எட்டி ஆடியது.

அவள் கணவன் விமலராஜ், தீவின் மின்சாரத்தைக் கண்காணிக்கும் அறையில் தரை துடைப்பவன். அங்கே திரை முழுக்க எண்கள். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே மின்சாரம் முன்னும் பின்னும் ஊசலாடியதை அந்த எண்களில் ஒருவரும் காணவில்லை. அவை ஏறி இறங்குவது ஏணையின் ஆட்டம்போலவே விமலராஜுக்குப் பட்டது; மறுநாள் அந்த அறையின் இஞ்சினியர் கலோஜெரோவை வீட்டுக்குக் கூட்டிவந்தான். கண்காணிப்பு அறையிலிருந்து தொலைபேசியில் எண்களை வாசித்தார்கள். எண் ஏறினால் ஏணை கடல் பக்கம் போனது, இறங்கினால் அடுப்படிப் பக்கம். மின்சாரத்தை இருபது வருடமாக எண்ணாகவே பார்த்துவந்த இஞ்சினியருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆடவிடுங்கள், கமரா வைத்துப் பார்க்கிறோம் என்று கெஞ்சினார்.

"வெறும் ஏணை ஆடக் கூடாது. பிள்ளைக்கு ஒண்டு நடந்தா ஆர் பதில் சொல்லுறது?" என்றாள் புனிதமலர்.

"நீ கட்டினாப் பிறகுதானே கரண்ட் போனது. அவளின்ர மூச்சே அதிலைதான் ஓடுது. நான் என்ன செய்ய?" என்றான் விமலராஜ்.

புனிதமலர் சியாகுல்லியில் விளைந்த மண்டரின் ஆரஞ்சுப் பழங்களைத் தராசில் வைத்து, ஒரு கிலோ நூறு கிராம் நிறுத்து ஏணைக்குள் போட்டாள்.

"இனி இது வெறும் ஏணை இல்லை. ஆடட்டும்."

அதன்பின் கண்காணிப்பு அறைச் சுவரில் ஒரு தொலைக்காட்சி, அதில் இரவும் பகலும் ஏணை. ஆட்டம் ஒரு முழத்தைத் தாண்டினால் உடனே கடலைக் கடக்கும் கம்பியில் சுமையைக் குறைத்தார்கள். நகரம் மறுபடி இருளவில்லை. ஆஸ்பத்திரி சொன்ன எடைக்கேற்பப் புனிதமலர் பழம் சேர்த்தாள். வாடிய பழங்களை விமலராஜ் கொண்டுபோக, அறையில் பணியிலிருந்தவர்கள் தின்றார்கள். அவளோ ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டேதான் இருந்தாள்.

ஏப்ரலில் மொனிகா இரண்டு கிலோ இருநூறோடு வீடு வந்தாள். பழங்களை எடுத்துவிட்டு அவளைக் கிடத்தினார்கள். ஏணை மூன்று தரம் ஆடி நின்றுவிட்டது. கண்காணிப்பு அறையில் நான்கு பேர் நாற்காலியை விட்டு எழுந்தார்கள்: படம் அசையவில்லை, எண்களும் அசையவில்லை. கமரா பழுதா என்று கலோஜெரோ பதறிப்போய்த் தொலைபேசியில் கேட்டார்.

"இல்லை," என்றாள் புனிதமலர். "பிள்ளை நித்திரை."

அவர் அதைக் கடமைப் பதிவேட்டில் நேரத்தோடு எழுதிவிட்டு, மற்றவர்களை மெதுவாகப் பேசச் சொன்னார்.