நான்காவது வாங்கில் இருந்தவருக்கு இளைப்பாற்றிப் பூசை

பாதர் கிளாறன்ஸ் கொட்டாஞ்சேனைக்கு மாற்றலாகி வந்தபோது அவருக்கு முப்பத்துநான்கு வயது. துறைமுகப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையின் முடிவில் அவருடைய கோயில் இருந்தது. வந்த மூன்றாம் மாதமே வேகமான இன்ரநெற் இணைப்பு எடுத்து, பாடகர் குழுவின் மாடியில் ஒரு கமராவைப் பூட்டி, ஞாயிறு பூசையை நேரலையாகக் காட்டத் தொடங்கினார். பங்கு மக்களில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருந்தார்கள். அம்மா எந்தச் சேலை கட்டிக்கொண்டு பூசைக்குப் போனார் என்பதை ரொறன்ரோவில் இருந்தே பார்க்க முடிந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் பாதருக்கும் தொற்றி, அவர் அடுத்த காரியத்தில் இறங்கினார். பங்கு அலுவலகத்தில் பிறிஜெற் பதினேழு வருடமாக எழுதிவந்த பூசைக் கொப்பியை நிறுத்தினார்.

யாருக்காவது பூசை கொடுக்க விரும்புகிறவர்கள் அதுவரை அலுவலக ஜன்னலடிக்கு வந்து பெயரைச் சொல்வார்கள். இறந்தவருக்கா, சுகமானவருக்கா, பிறந்தநாளுக்கா என்று பிறிஜெற் கேட்டு எழுதுவார். கேட்கிற சாக்கில் அந்த வீட்டுப் புதினமும் வந்துவிடும். இப்போது ஜன்னலுக்குப் பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாய் ஒரு கியூஆர் படம் ஒட்டப்பட்டிருந்தது. அதைக் கைப்போனில் ஸ்கான் பண்ணினால் ஒரு போர்ம் திறக்கும், அதை நிரப்பினால் போதும், ஒருவரும் ஒருவருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை என்று பாதர் பிரசங்கத்தில் விளங்கப்படுத்தினார். முதல் கிழமை இரண்டு பேர் அந்தப் படத்தைத் தொட்டுச் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுப் போனதை பிறிஜெற் ஜன்னலுக்குள் இருந்து பார்த்தார். பாதரிடம் சொல்லவில்லை.

மெற்றில்டா அலுவலகத்துக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அவருடைய கணவர் அருமைநாயகம் ஒரு கப்பல் கம்பனியில் முப்பது வருடம் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து, கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தார். அதற்கு ஒரு நன்றிப் பூசை கொடுக்க வேண்டுமென்று மெற்றில்டா நேர்ந்திருந்தார். வழக்கம்போல ஜன்னலடியில் நின்று பெயரைச் சொல்லத் தொடங்கினார். பிறிஜெற்றுக்குப் பின்னால் பாதர் நின்றுகொண்டிருந்தார். அதனால் பிறிஜெற் விரலால் கியூஆர் படத்தைக் காட்டினார். எப்படிச் செய்வது என்று கேட்க மெற்றில்டாவுக்கு வெட்கமாக இருந்தது. கேட்டிருந்தாலும் பிறிஜெற்றுக்குச் சொல்லத் தெரிந்திராது.

மகன் அனுப்பிய போன் ஒன்று மெற்றில்டாவிடம் இருந்தது. அதில் அவர் இதுவரை செய்தது மகனின் குரல் செய்திகளைக் கேட்பதும் பேரனின் படங்களைப் பார்ப்பதும்தான். அன்று எதையெதையோ அழுத்தி, கடைசியில் போர்ம் திறந்துவிட்டது. அது முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. பாதர் எங்கோ கிடைத்த ஆயத்தப் போர்ம் ஒன்றை அப்படியே எடுத்திருந்தார். மெற்றில்டா கணவரின் பெயரை எழுத்துக்கூட்டி அடித்தார். அதன் கீழே ஐந்து வரிகள் வந்து, ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லி நின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவருக்கு நான்காவது வரியில் தெரிந்த சொல் ஒன்று கிடைத்தது. றெஸ்ட். டொக்டர் துண்டில் எழுதித் தந்ததும் அதைத்தான். ஆறு கிழமை றெஸ்ட். அதற்கு முன்னால் இன்னொரு சொல்லும் இருந்தது. நீண்ட காலம் என்ற மாதிரி ஏதாவது இருக்குமென்று நினைத்து அந்த வரியை அழுத்தினார். பச்சை நிறத்தில் சரி அடையாளம் வந்தது. மெற்றில்டா தன்னை நினைத்தே கொஞ்சம் பெருமைப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிப் பூசை. அருமைநாயகம் நான்காவது வாங்கின் ஓரத்தில், காலை நீட்டி வைத்துக்கொள்ள வசதியாக உட்கார்ந்திருந்தார். மன்றாட்டு நேரத்தில் பாதர் கையிலிருந்த ரப்லெற் திரையைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். புதிதாக வந்தவர் என்பதால் அவருக்குப் பெயர்களோடு முகங்கள் இன்னும் பொருந்தியிருக்கவில்லை.

"எம்மை விட்டுப் பிரிந்த றெஜினோல்ட் அருமைநாயகம் நித்திய இளைப்பாற்றி அடைய, ஆண்டவரை மன்றாடுவோம்."

கோயில் முழுவதும் வழக்கமான பதிலைச் சொன்னது. ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும். எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் அருமைநாயகம்தான். பழக்கதோஷம். சொல்லி முடித்த பிறகுதான் முன்வாங்கில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பித் தன்னைப் பார்ப்பதைக் கண்டார். மெற்றில்டா குனிந்து செபமாலையைத் தேடத் தொடங்கினார். அது அவருடைய கையில்தான் இருந்தது.

பூசை முடிவதற்குள், நேரலையில் கேட்டவர்களிடமிருந்து போன் அடிக்கத் தொடங்கியது. சிலாபத்திலிருந்து மச்சான் அழுதார். ஸ்காபரோவிலிருந்து ஒன்றுவிட்ட தங்கை, நேற்றுக் கதைக்கும்போதுகூட நல்லாத்தானே இருந்தவர் என்று அருமைநாயகத்திடமே சொன்னார். மத்தியானம் வத்தளையிலிருந்து பழைய கம்பனி நண்பர் ஒருவர் வெள்ளைச் சேர்ட்டுடனும் மலர்வளையத்துடனும் வந்து இறங்கினார். கதவைத் திறந்த ஆளைப் பார்த்ததும் மலர்வளையத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அவருக்குச் சாப்பாடு போட்டு அனுப்ப வேண்டியதாயிற்று.

திங்கட்கிழமை காலை அருமைநாயகம் கம்பை ஊன்றிக்கொண்டு அலுவலகத்துக்குப் போய், தன்னைச் சாகடித்தது யார் என்று கேட்டார். பாதர் பலமுறை மன்னிப்புக் கேட்டார். ஆனால் யார் என்று அவருக்கும் தெரியவில்லை. அனுப்புகிறவரின் பெயரைக் கேட்க அந்தப் போர்மில் இடமே இல்லை. இனி இந்தக் கோயில் வாசலை மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டு அருமைநாயகம் திரும்பினார். வீட்டிலும் அதையே பேச்சாக வைத்திருந்தார். யாரோ எரிச்சல் பிடித்தவனின் வேலை என்றார். ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டின்போது புதிதாக ஒருவரைச் சந்தேகித்தார். மெற்றில்டா கறி பரிமாறினார். சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் நாள் சொல்லாமல் விட்டதை மூன்றாம் நாள் சொல்வது அவருக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

சனிக்கிழமை மெற்றில்டா பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டார்.

"பாதர், என்ர மனுசனைச் சாகடிச்சது நான்தான்."

தட்டிக்கு அந்தப் பக்கம் பாதர் கொஞ்ச நேரம் மூச்சே விடவில்லை. பிறகு விஷயம் விளங்கி, சிரிப்பை இருமலாக மாற்றினார். றெஸ்ட் என்ற சொல்லைத் தான் எப்படி விளங்கிக்கொண்டார் என்று மெற்றில்டா சொன்னபோது அந்த இருமலும் நின்றுவிட்டது. இது பாவமில்லை என்று அவர் சொன்னார். ஆனால் இங்கே கேட்டது இரகசியம், அதை வைத்துத் தன்னால் ஒன்றும் செய்யமுடியாது என்றும், இதையே அலுவலகத்துக்கு வந்து இன்னொருமுறை சொன்னால் பெரிய உதவியாக இருக்கும் என்றும் கேட்டுக்கொண்டார்.

மெற்றில்டா அலுவலகத்தில் மறுபடியும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பிறிஜெற்றுக்கு மனம் பொறுக்கவில்லை. போர்ம் வந்த நாளிலிருந்து இருபதுக்கு மேற்பட்டவர்களைத் தான் திருப்பி அனுப்பியதாகவும், அவர்களில் பலர் பூசையே கொடுக்காமல் இருப்பதாகவும், தனக்கும் அந்தப் படத்தை ஸ்கான் பண்ணத் தெரியாது என்றும் சொல்லிவிட்டார்.

"அப்ப ஏன் என்னட்டச் சொல்லேல்ல?" என்று பாதர் கேட்டார்.

"நீங்கள் கேக்கேல்லையே பாதர்."

அன்று பின்னேரமே கொப்பி திரும்பி வந்தது. போர்மும் தமிழில், பெரிய எழுத்தில் மாறியது. அதோடு பாதர் விடவில்லை. அடுத்த சனிக்கிழமை மண்டபத்தில் டிஜிட்டல் எழுத்தறிவுப் பயிலரங்கு நடக்கும் என்று அறிவித்தார். கற்பிக்க, கோயிலுக்கு எதிரே போன் திருத்தும் கடை வைத்திருந்த ருஷ்தாவைக் கேட்டார். ருஷ்தா மாளிகாவத்தையிலிருந்து வருகிறவள். போன் உடைந்து அவளுடைய கடைக்கு வருகிறவர்களைவிட, போர்ம் நிரப்பித் தரச் சொல்லி வருகிறவர்கள்தான் கூட. அதனால் வேலை கெடுகிறதென்று அவளும் அலுத்துப்போயிருந்தாள். சந்தோஷமாகச் சம்மதித்தாள்.

அறுபது கதிரை போட்டார்கள். வந்தது மெற்றில்டாவும் பிறிஜெற்றும்தான். வாசலில் நின்று எட்டிப் பார்த்த இரண்டு பேர், பாதரின் கண்ணில் பட்டதும் வேறு அலுவலாக வந்தவர்கள்போல மாதா சுரூபத்தின் பக்கம் நடந்துவிட்டார்கள்.

ருஷ்தா சொன்னாள்: "பாதர், பயிலரங்குன்டு போட்டா யார் வருவாங்க? வந்தா, எனக்கு ஒன்டும் தெரியாதுன்டு ஊருக்கே செல்ற மாதிரி. எங்கட கடைக்கு வாரவங்களும் தெரியாதுன்டு செல்ல மாட்டாங்க. கண்ணாடி கொண்டுவரல்லன்டுதான் செல்லுவாங்க."

அடுத்த கிழமை மண்டபம் பூட்டியே இருந்தது. கோயில் வாசற் படலைக்குப் பக்கத்தில், வேப்ப மரத்தடியில் ஒரு மேசை போட்டார்கள். கோயிலின் வைஃபை அதுவரை எட்ட ஒரு சின்னப் பெட்டி பூட்டினார்கள். 'கண்ணாடி கொண்டுவராதவர்களுக்குப் போனில் உதவி செய்யப்படும்' என்று பிறிஜெற் தன் கையெழுத்தில் எழுதி ஒட்டினார். அன்று பத்தொன்பது பேர் வந்தார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தவர்கள் அதைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார்கள். ஒருவருடைய போன் எப்படியோ பிரெஞ்சு மொழிக்கு மாறி, அவர் நான்கு மாதமாக அதோடு சமாளித்து வந்திருந்தார். ஒரு பெண் பாஸ்போட்டுக்கு நாள் எடுக்க வந்தார். முன் றோட்டில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் பௌஸி, தன் கடை இருக்கும் இடத்தை வரைபடத்தில் யாரோ பல் வைத்தியசாலை என்று போட்டிருப்பதை மாற்றித் தரச் சொல்லி வந்தார். மெற்றில்டா ருஷ்தாவின் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் சனிக்கிழமை ருஷ்தா கடையிலிருந்து வரப் பிந்தியபோது, வந்தவர்களை மெற்றில்டாவே இருத்திக் கதைத்தார். எந்தச் சொல்லையும் அர்த்தம் கேட்காமல் அழுத்தவேண்டாம் என்று ஒவ்வொருவருக்கும் அவர் சொன்ன விதத்தில், ஒருவரும் அவர் சொல்லைத் தட்டவில்லை.

அருமைநாயகத்துக்கு இது ஒன்றும் தெரியாது. மனைவி சனிக்கிழமைகளில் பூக்கட்டுகிற குழுவுக்குப் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருடைய பழைய கம்பனியிலிருந்து ஒரு தகவல் வந்தது. ஓய்வூதியம் பெறுகிறவர்கள் உயிரோடு இருப்பதை இனிமேல் போனில் முகத்தைக் காட்டி உறுதிப்படுத்த வேண்டுமாம். கடைசி நாள் அந்தச் சனிக்கிழமை. தகவலை மூன்றுமுறை வாசித்த அருமைநாயகம், இதுவும் அந்த எரிச்சல்காரனின் வேலையாக இருக்குமோ என்று யோசித்தார். சனிக்கிழமையும் வந்துவிட்டது, மெற்றில்டா வழக்கம்போல வெளியே போயிருந்தார். எதிர்வீட்டுக்காரர், போன் கடைக்காரப் பிள்ளையிடம் போகச் சொன்னார். கடை பூட்டியிருந்தது. ஆள் கோயில் படலையடியில் இருக்கிறாள் என்றார்கள்.

அருமைநாயகம் படலைக்கு வெளியே நின்று யோசித்தார். மேசை உள்ளே இருந்தது. வாசலை மிதிப்பதில்லை என்று சொன்ன வாக்கு ஒரு பக்கம், ஓய்வூதியம் ஒரு பக்கம். கடைசியில் கம்பை முதலில் உள்ளே வைத்து, பிறகு காலை வைத்தார். மேசைக்குப் பின்னால் மனைவி உட்கார்ந்து யாருக்கோ சொல்லிக்கொடுப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். வரிசையில் இருந்தவர்கள் அவரைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டார்கள்.

அவரிடம் இருந்தது பொத்தான் போன். அதனால் மெற்றில்டாவின் போனிலேயே செய்தார்கள். ருஷ்தா போனை அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தாள். கண்ணைச் சிமிட்டி, தலையை ஒரு பக்கம் திருப்பவேண்டும். அருமைநாயகத்துக்குக் கமராவைக் கண்டால் அடையாள அட்டைக்குப் படம் எடுப்பதுபோல விறைத்துப்போகிற பழக்கம். மூச்சைப் பிடித்து, கண்ணை அகல விழித்து இருந்தார். முதல் தடவை போன் ஏற்கவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை.

"அங்கிள், கண்ணச் சிமிட்டுங்க," என்றாள் ருஷ்தா. "இன்னும் ஒருக்காத்தான் ஏலும். அதுக்குப் பொறகு பூட்டிரும். ஒபீசுக்குத்தான் போகோணும்."

சிமிட்டு என்று சொன்னால் அவரால் சிமிட்ட முடியவில்லை. முயன்றதில் கண் இன்னும் பெரிதாகியது. ஊரெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, உயிரோடு இருப்பதை நிரூபிக்க முடியாமல் உட்கார்ந்திருந்த அந்த முகத்தைப் பார்க்க மெற்றில்டாவுக்குத் தாங்கவில்லை. ருஷ்தா மூன்றாம் தடவை பொத்தானை அழுத்தினாள்.

"இஞ்சேருங்கோ," என்றார் மெற்றில்டா. "உங்களுக்கு அந்தப் பூசையைக் குடுத்தது நான்தான்."

அருமைநாயகத்தின் இமைகள் இரண்டு தரம் அடித்தன. தலை தானாக மனைவியின் பக்கம் திரும்பியது. போன் கிணுங்கென்று ஒலி எழுப்பியது. சரிபார்க்கப்பட்டது, நன்றி என்று திரையில் வந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் கம்பை எடுத்துக்கொண்டு எழுந்து நடந்தார். மெற்றில்டா மேசையை பிறிஜெற்றிடம் விட்டுவிட்டுப் பின்னால் போனார். ஒழுங்கையில் அவரை எட்டிப் பிடித்தார். பிறகு மெற்றில்டா நடந்ததை முதலிலிருந்து சொன்னார். போர்ம் ஆங்கிலத்தில் இருந்ததையும், டொக்டரின் துண்டையும், ஐந்து வரிகளையும் சொன்னார்.

"ஒரு சொல்லு என்னட்டக் கேட்டிருக்கலாமே," என்றார் அருமைநாயகம்.

"கேட்டால் தெரியாதோ எண்டு பேசுவியள்."

அவர் மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் கலியாணம் கட்டிய முப்பத்தாறு வருடத்தில் தான் அப்படிப் பேசிய பல சந்தர்ப்பங்கள் ஒரேயடியாக நினைவுக்கு வந்தன. கொஞ்சத் தூரம் போனபிறகு அவருடைய தோள் குலுங்கியது. முழங்கால் நோகிறதாக்கும் என்று மெற்றில்டா பயந்து கையைப் பிடித்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மதிலில் சாய்ந்து நின்று சிரித்து முடித்துவிட்டுத்தான் மேலே நடந்தார்.

மறுநாள் அவர் பூசைக்கு வந்தார். அந்த மாதமே வெள்ளவத்தையிலும் ஒரு மேசை வேண்டுமென்று கேட்டார்கள். அங்கே அடுக்குமாடியொன்றில் இருந்த சரோஜினிதேவி என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை, தன் கட்டடத்தில் மட்டும் வயதான பதினொரு சோடிகள் பிள்ளைகளின் அழைப்பை எடுக்கத் தெரியாமல் இருப்பதாகப் பாதருக்கு எழுதியிருந்தார். தாங்கள் சைவக்காரர், அதனால் தடை இருக்குமா என்றும் கேட்டிருந்தார். மேசைக்குச் சமயம் இல்லை என்று பாதர் பதில் போட்டார். இப்போது புதன்கிழமைகளில் மெற்றில்டாவும் ருஷ்தாவும் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போகிறார்கள்.

அருமைநாயகமும் தொடுதிரைப் போன் ஒன்று வாங்கினார். ஒரு கிழமை யாரிடமும் கேட்காமல் தனியாகப் போராடினார். எட்டாம் நாள் காலையில் மனைவியிடம் வந்து, இதில் எழுதுவது எப்படி என்று கேட்டார். மெற்றில்டா, தெரியாதோ என்று பேசாமல், கதிரையை இழுத்துப்போட்டுச் சொல்லிக்கொடுத்தார். அன்று பின்னேரம் மெற்றில்டா குசினியில் இருக்கும்போது போன் கிணுகிணுத்தது. முன் அறையிலிருந்து கணவர் அனுப்பிய முதல் செய்தி. தேத்தண்ணி, என்று மட்டும் இருந்தது. மெற்றில்டா அதற்கு ஒரு பெருவிரல் படத்தை அனுப்பிவிட்டு, இருந்த இடத்திலேயே இருந்து வெங்காயத்தை உரித்தார்.