விழாமலே முறிந்த கால்

குப்பம்மா விழவில்லை. ஆம்புலன்சிலேயே அதை நாலு தடவை சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை.

நொச்சிக்குப்பம் மீன் மார்க்கெட்டில் காலை ஒன்பது மணி இருக்கும். அபிராமபுரத்திலிருந்து வந்த வாடிக்கைக்காரருக்கு வஞ்சிரம் எடை போட்டுவிட்டு, பையை நீட்டத் திரும்பினாள். இடது தொடையில் விறகு முறிவதுபோல ஒரு சத்தம். பக்கத்துக் கடைக்காரி காதிலேயே விழுந்தது. அடுத்த நொடி தரையில் கிடந்தாள், கால் ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு.

"ஈரத் தரை, வழுக்கிடுச்சு," என்றார்கள். மகள் முத்துமாரியும் அப்படித்தான் நினைத்தாள்.

அடையாறு மருத்துவமனையில் எக்ஸ்ரேவைப் பார்த்த எலும்பு டாக்டர் சித்தார்த்தன் அப்படி நினைக்கவில்லை.

"எப்படிம்மா விழுந்தீங்க?"

"நான் உழுவல நைனா. கால் ஒடஞ்ச அப்பாலதான் உழுந்தேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை சாப்பிடுறீங்களா?"

அந்த வலியிலும் குப்பம்மாவின் முகத்தில் ஒரு பெருமை. "ஒம்போது வருஷமா. ஒரு செவ்வாக்கெழம தவறுனதில்ல. வெறும் வயித்துல முழுங்கிட்டு அரை மணி நேரம் படுக்கக்கூடாதுன்னாரு டாக்டரு. படுக்கவே மாட்டேன்."

சித்தார்த்தன் முத்துமாரி பக்கம் திரும்பினார். "அந்த மாத்திரைதான் காரணமா இருக்கும்."

"எலும்பு ஒடையாம இருக்கத்தானே சார் அது?"

"ஆமா. நிறைய பேருக்கு நல்லதுதான் செய்யுது. ஆனா வருஷக்கணக்கா விடாம சாப்பிட்டா, அபூர்வமா சிலருக்குத் தொடை எலும்பு இப்படி முறியும். அதுக்குத்தான் அஞ்சு வருஷம் ஆனதும் தொடரலாமா வேணாமான்னு பார்க்கணும். முன்னாடியே தொடை வலிச்சிருக்குமே?"

முத்துமாரி நினைத்துப் பார்த்தாள். ஆறு மாசமாக அம்மா தொடையைப் பிடித்துக்கொண்டுதான் கூடையைத் தூக்கினாள்.

வலது காலையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். அதிலும் மயிரிழை போல ஒரு கீறல். மாத்திரை நின்றது. ஆபரேஷன் செய்து இரண்டு தொடை எலும்புக்குள்ளும் கம்பி ஏற்றினார்கள், வலதும் முறிந்துவிடாமல் இருக்க.

வீட்டுக்கு வந்ததும் முத்துமாரி பழைய மருந்துச் சீட்டுகளைக் கட்டிலில் கொட்டினாள். எல்லாம் டாக்டர் ராமானுஜம் எழுதியவை. கால் முறிவதற்கு நாலு மாசம் முன்பு எழுதிய சீட்டை மூன்று தடவை படித்தாள். 'இரு தொடையிலும் வலி. அதே மாத்திரை தொடரவும்.'

"கேஸ் போடணும்மா."

"சும்மா கெட. ஒம்போது வருஷத்துக்கு முன்ன ஒடஞ்ச என் கைய ஒட்ட வெச்ச மகராசன்டி அவரு. மொதல்ல நேர்ல கேப்போம்."

வாக்கரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ராமானுஜம் சீட்டைப் பார்த்தார். பிறகு நிமிராமலே சொன்னார்: "மார்க்கெட்ல வழுக்கி விழுந்தீங்கன்னு கேள்விப்பட்டேனே."

குப்பம்மா சீட்டை வாங்கி மடித்துக்கொண்டு எழுந்தாள். ஆட்டோவில் ஏறினதும் மகளிடம் சொன்னாள்: "போடுடி கேஸ."

மயிலாப்பூர் வக்கீல் ஆஃப்ரீன் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினார். "மாத்திரைக்குப் பக்கவிளைவு இருக்குங்கிறது மட்டும் போதாதும்மா. ஆபத்தைச் சொன்னாரா, நடுவுல பரிசோதிச்சாரா, வலின்னு சொன்னப்போ என்ன செஞ்சார், இதுதான் கேள்வி. நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள மனு போடணும். அந்த டாக்டர்கிட்ட இருக்கிற சிகிச்சைக் குறிப்பு எல்லாத்தையும் இன்னைக்கே எழுதிக் கேளுங்க."

விசாரணை ஒன்றரை வருஷம் நடந்தது. எதிர்த்தரப்பு ஈரத் தரையையே பிடித்துக்கொண்டு நின்றது. பக்கத்துக் கடைக்காரி தான் கேட்ட சத்தத்தைச் சொன்னாள். சித்தார்த்தன் எக்ஸ்ரேவை விளக்கினார். மருந்தின் மேல் குற்றமில்லை, எச்சரிக்காததும் வலியை அலட்சியம் செய்ததும் சேவைக் குறைபாடு என்று தீர்ப்பு வந்தது. நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள்.

குப்பம்மா சிரிக்கவில்லை. "அவருக்குத் தெரியாமயா இருந்திருக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் மார்க்கெட்டில், முக்காலியில் உட்கார்ந்து கடை போட்டவளிடம் மூன்று பெண்கள் தங்கள் சீட்டுகளோடு வந்தார்கள். மூன்றிலும் அதே மாத்திரை. முத்துமாரி மூவரையும் சித்தார்த்தனிடம் கூட்டிப் போனாள். இரண்டு பேரைத் தொடரச் சொன்னார். மூன்றாமவளின் எக்ஸ்ரேயில் அதே மயிரிழைக் கீறல்; மாத்திரையை நிறுத்தி, காலை ஊன்றாதே என்று அன்றைக்கே மருத்துவமனையில் சேர்த்தார்.