நடந்துபோன சட்டைக் கம்பெனி

சட்டைக் கம்பெனி துறைமுகத்தை நோக்கி நடக்கத் தொடங்கிய வருஷம், வெளிநாட்டுக்காரர்கள் சட்டைக்குக் கொடுக்கும் விலையும் குறைந்திருந்தது. முற்றத்துக் குழாய் மேனேஜர் அறைக்குள் வந்துவிட்ட பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. மண் சரிவு என்றார் மேனேஜர். கோட்டு போட்டு வந்த நிபுணர், உலகச் சந்தை கூப்பிடும்போது கட்டடம் சும்மா நிற்காது என்று நெடுநேரம் பேசிவிட்டு, அதே குழாயில் கை கழுவிக்கொண்டு போனார்.

காலர் தைப்பவள் எதையும் லேசில் நம்பமாட்டாள். புருஷன் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தால் சட்டைப்பையைத் துழாவுகிறவள். கட்டடம் லீவு நாளில் மட்டும் நகர்கிறது என்று கண்டுபிடித்தது அவள்தான். தாய் செத்ததற்கே அரை நாள் கொடுக்காத கம்பெனி இப்போது சம்பளத்தோடு லீவை வாரி வழங்கியது. “சும்மா வர்ற லீவுல சூது இருக்குடி” என்றாள். கம்பெனி கப்பலில் ஏறிவிட்டால் அக்கரையில் பாதிக் கூலிக்குத் தைக்க ஆள் உண்டு. இக்கரையில் அடுப்பு எரியாது. பெண்கள் லீவு நாளில் பூட்டிய வாசலை மறித்துக் கோஷம் போட்டார்கள். கட்டடம் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது.

அடுத்த லீவன்று தலைமை அலுவலகத்தில் பேச்சுவார்த்தை என்று மேனேஜர் பஸ் அனுப்பினார். எல்லாரும் ஏறினார்கள். பட்டன் தைப்பவளும் ஏறினாள். புதுச் செருப்பு போட்டிருந்ததால் அவள் மேனேஜரின் ஆள் என்று பேச்சு. வழியில் வாந்தி எடுத்த அவளை இறக்கிவிட்டார்கள். திரும்பி நடந்தவள், துறைமுக வாசலை ஒட்டிய கடைத்தெருவில் கம்பெனி எதிரே வருவதையும், பின்னால் லாரிகள் ஹாரன் அடிப்பதையும் பார்த்தாள். ஓடிப்போய் ஜன்னல் வழியாக ஏறித் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் துறைமுக வாசலில் கட்டடம் நின்றது.

தலைமை அலுவலகத்தில் டீ மட்டும் குடித்துத் திரும்பிய பெண்கள் அவளைச் சூழ்ந்தார்கள்.

“எழுந்தா கிளம்புதுக்கா. ஒண்ணுக்குக்கூடப் போகல.”

“உனக்கு மட்டும் இது எப்படிடி தெரிஞ்சது?” என்று கேட்டாள் காலர்க்காரி. பிறகு, “போய்ட்டு வா” என்று அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்துகொண்டாள்.

ஆள் எழுந்தாலும் இருக்கை காலியாகக் கூடாது என்பது கம்பெனி சுவரில் எழுதி வைத்த சட்டம். மேனேஜர் மறுநாளே அதைச் சுண்ணாம்படித்து மறைத்தார். பெண்களுக்கு அது மனப்பாடம். அன்றிலிருந்து லீவு நாளிலும் முறை வைத்து உட்காருகிறார்கள். கட்டடம் துறைமுக வாசலிலேயே நிற்கிறது. லாரிகள் அதைச் சுற்றிப் போகப் பழகிவிட்டன, பஸ் நிறுத்தமும் அங்கே மாறிவிட்டது. அந்தச் செருப்பை வாங்கிக் கொடுத்தது யார் என்று காலர்க்காரி இன்றும் கேட்கிறாள். பதில் வரும்வரை பட்டன்காரியின் பக்கத்து நாற்காலியை விட்டு அவள் எழுந்திருப்பதாக இல்லை.