கொடியில் காயும் விரிப்பு

மூன்றாம் மாடித் தையல்காரிக்கு வாய் கொஞ்சம் நீளம். கைத்திறன் அதைவிட நீளம். முட்டியில் ஆபரேஷன் செய்த டாக்டர், இனி மிதிமெஷின் பக்கமே போகக் கூடாது என்றுவிட்டார். போகாவிட்டால் அடுப்பில் பூனை அல்லவா தூங்கும்? பேட்டரியில் ஓடும் பழைய ட்ரில் ஒன்றைப் பிரித்து, அதன் மோட்டாரைத் தையல் மெஷின் சக்கரத்தோடு பெல்ட் போட்டு இணைத்தாள். சுவிட்சை முழங்கைக்கு அடியில் வைத்தாள். முழங்கையால் அழுத்தினால் ஊசி ஓடும். பேட்டரிக்குச் சோறு போட்டது, பால்கனியில் சாய்த்து வைத்திருந்த சோலார் தகடு. கட்டடத்து ஒயர்கள் கிழடு தட்டியவை. அந்தக் கரண்டில் தொழில் செய்யக் கூடாதென்று குடியிருப்போர் சங்கம் முன்பே தடை போட்டிருந்தது.

சங்கச் செயலாளர் கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கும். ஊதியே உலகத்தைத் திருத்திவிடலாம் என்று நம்புகிறவர். விசில்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவர் மூக்கை நுழைத்தார்.

"பால்கனியில செடி இருக்கலாம், ஈரத்துணி காயலாம். வேற எதுவும் கூடாதும்மா. கட்டடத்தோட அழகு கெடுது."

சொன்னதோடு விடவில்லை. காவல்காரரை ஏவித் தகட்டைக் கழற்றினார். இறக்கும்போது படிக்கட்டில் மோதி அது நொறுங்கியது. மெஷின் ஊமையானது. பள்ளிக்கூடச் சீருடைகள் வெட்டியபடியே கிடந்தன. பள்ளி திறப்பதற்குள் தைத்துக் கொடுக்காவிட்டால் அந்த வேலை வேறு கைக்குப் போய்விடும். அவளுக்கு இருந்த பெரிய வேலை அது ஒன்றுதான்.

அழுதாளா? இல்லை கண்ணுகளே. பழைய சாமான் கடை வைத்திருந்த கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, தோட்டத்துல குத்தி வைப்பாங்களே, வெயில்ல சார்ஜ் ஏறுற குட்டி விளக்கு... கெட்டுப்போனது இருந்தா கொண்டு வாங்க."

"மூட்டை மூட்டையா கிடக்கு அண்ணி. எதுக்கு?"

"துவைச்சுக் காயப்போட."

"ஆபரேஷன் முட்டியிலதானே பண்ணாங்க?"

விளக்குகளின் தலையிலிருந்த சின்னத் தகடுகளைப் பெயர்த்து, மீட்டர் வைத்துப் பார்த்து, உயிர் உள்ளவற்றை மட்டும் எடுத்தாள். தடித்த படுக்கை விரிப்பில் அவற்றை அடுக்கி, ஒயரால் ஒன்றோடொன்று பற்றவைத்து, மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் போர்த்திக் கட்டம் கட்டமாகத் தைத்தாள். அழகாக இருக்கட்டுமே என்று ஜரிகை நூலை எடுத்ததுதான் வினை. வெயிலில் விரித்தால் மீட்டர் முள் அசையக் காணோம்.

கொழுந்தன் குனிந்து பார்த்துச் சிரித்தார். "ஜரிகையில செம்பு இருக்கு அண்ணி. கரண்ட் பேட்டரிக்குப் போகாம உங்க பூவேலைக்குள்ளயே சுத்துது."

"கரண்டுக்கும் அலங்காரம் கேக்குது பாருங்க!" என்றவள், அத்தனை தையலையும் பிரித்து நைலான் நூலால் மறுபடி தைத்தாள்.

மறுநாள் காலை விரிப்பைக் கொடியில் போட்டு, மேலே ஒரு சொம்புத் தண்ணீர் தெளித்தாள். கீழே விசில் அலறியது. ஆளும் மூச்சிரைக்க மேலே வந்தார்.

"என்னம்மா இது?"

"விரிப்பு சார். துவைச்சுப் போட்டிருக்கேன்."

"பளபளங்குதே?"

"நல்லா துவைச்சேன்."

தொட்டுப் பார்த்தார். விரல் நனைந்தது. "காய்ஞ்சதும் எடுத்துடணும். அதுவரைக்கும் இங்கயேதான் இருப்பேன்."

"தாராளமா இருங்க." நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். காலர் ஏறியது, கை ஏறியது. நடுவில் எழுந்து, அவர் கண்ணெதிரிலேயே இன்னொரு சொம்பைத் தெளித்தாள். "தூசி விழுந்துடுச்சு சார்."

வெயில் திரும்பியது. பேட்டரியில் சார்ஜ் ஏறுவதைக் காட்டும் சின்ன விளக்கு மங்குவதைக் கவனித்தாள்.

"சார், கொஞ்சம் தள்ளி உட்காருங்க. உங்க நிழல் விழுந்தா துணி எப்படிக் காயும்?"

அவர் தள்ளி உட்கார்ந்தார். விளக்கு பளிச்சென்றது. அதை அவரும் பார்த்துவிட்டார். விரிப்பிலிருந்து பேட்டரிக்கு வரும் ஒயரைக் கண்ணாலேயே தடவினார்.

"என்னம்மா, காதுல பூ சுத்துறியா?"

அவள் முழங்கையை எடுத்தாள். மெஷின் நின்றது.

"என் தகட்டை உடைச்சீங்க. முட்டிதான் போச்சு சார், கை போகல. ஈரத்துணி காயலாம்னு நீங்கதானே சொன்னீங்க? தினம் நனைப்பேன். வெயில் இருக்கிற வரைக்கும் காயும்."

விசிலை உதட்டுக்குக் கொண்டுபோனவர், எந்தச் சட்டத்துக்காக ஊதுவது என்று தெரியாமல் கீழே விட்டார்.

"நாளைக்கும் வருவேன்!"

"வாங்க சார். நாளைக்கு ரெண்டு விரிப்பு."

அவர் படியிறங்கும்போதே, அவள் அடுத்த சட்டையை ஊசிக்கடியில் வைத்து முழங்கையை அழுத்தினாள்.